வயிற்றுவலிக்காரர் எங்கே காத்திருப்பது?



கண்டியில் மழைக்காலத்து மாலையொன்றில் மண்டபம் நிறைய வேண்டுமானால் பேச வருகிறவர் பாடகராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அமைச்சராக இருக்க வேண்டும். நான் இரண்டுமில்லை. கத்தி பிடித்துப் பிழைத்தவன். பேசப் போவதோ வயிற்றுவலியைப் பற்றி. அப்படியிருந்தும் வந்திருக்கிறீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். வலதுபக்க அடிவயிற்றில் சாய்வாக ஒரு தழும்போடு இந்த மண்டபத்தில் சிலராவது உட்கார்ந்திருப்பீர்கள். தழும்பு இல்லாதவர்களின் வீட்டில் அண்ணனுக்கோ மகளுக்கோ அது இருக்கும். நூறு பேரை எடுத்தால் ஏழெட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒருதடவை வருகிற நோய் இது. பள்ளிக்கூடப் புத்தகம் இதைக் குடல்வளரி அழற்சி என்கிறது. வார்ட்டிலும் வீட்டிலும் நாம் அப்பெண்டிக்ஸ் என்றே சொல்கிறோம். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இன்றைய பேச்சு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான். வயிறு வலிக்கிறவர் காத்திருக்கலாமா? காத்திருக்கலாம் என்றால், எங்கே காத்திருப்பது? லயத்துக் காம்பராவிலா, ஆஸ்பத்திரி வார்ட்டிலா? இந்தக் கேள்விக்கு வைத்திய உலகம் முன்னூறு வருடங்களாகப் பதில் தேடிவருகிறது. ஒரு தலைமுறை ‘பொறு’ என்றது. அடுத்த தலைமுறை ‘பொறுத்தால் சாவு, உடனே வெட்டு’ என்றது. இப்போது மறுபடியும் ‘சிலருக்குப் பொறுக்கலாம்’ என்கிற குரல் கேட்கிறது. குழம்ப வேண்டாம். கதையை ஒழுங்காகக் கேட்டால் குழப்பம் தீரும்.

நம் ஊருக்கு வந்துபோன இரண்டு பெரிய மனிதர்களிடமிருந்து தொடங்குகிறேன்.

1875 டிசம்பரில் விக்டோரியா மகாராணியின் மூத்த மகன், வேல்ஸ் இளவரசர் எட்வேர்ட், கண்டிக்கு வந்தார். அவருக்காகப் பெரஹெரா நடத்திக் காட்டினார்கள். பேராதனைப் பூந்தோட்டத்தில் ஒரு மரம் நட்டார். 1927 நவம்பரில் மகாத்மா காந்தி கண்டிக்கு வந்தார். கதர் நிதி சேர்க்க இலங்கை முழுவதும் சுற்றிய பயணம் அது. ஒருவர் ஆண்டவர், மற்றவர் அந்த ஆட்சியை எதிர்த்தவர். இருவருக்கும் பொதுவாக என்ன இருந்தது? அப்பெண்டிக்ஸ் இருந்தது! இருவரையும் சாவின் வாசல் வரை கொண்டுபோனது அதுதான். இளவரசர் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு கண்டிக்கு வந்தார். காந்தி அதைப் புனாவில் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார்.

இருவரின் கதைக்கும் வருகிறேன். அதற்கு முன், அந்தச் சின்ன உறுப்பின் மேல் கை வைக்க மனிதனுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று பாருங்கள்.

சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்துக்குக் கீழே, புழுப்போல் தொங்குகிற குழாய். சுண்டுவிரல் நீளம், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூட. மறுமுனை மூடியது. லியனார்டோ டாவின்சி அதைப் படமாக வரைந்து வைத்தார். 1500களின் உடற்கூற்று நூல்களில் அது வந்துவிட்டது. ஆனால் உடம்பில் அது இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு, அதுதான் ஆளைக் கொல்கிறது என்பது தெரியவில்லை.

1735இல் லண்டனில் குளோடியஸ் அமியண்ட் என்ற சத்திரசிகிச்சை வைத்தியரிடம் பதினொரு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். குடலிறக்கம், தொடையருகே புண் திறந்து மலம் கசிந்தது. அமியண்ட் அறுத்துப் பார்த்தார். உள்ளே அப்பெண்டிக்ஸ். அதைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டூசி! பையன் எப்போதோ விழுங்கியது. அமியண்ட் அப்பெண்டிக்ஸை வெட்டி எடுத்தார். மயக்க மருந்து கிடையாது. அரைமணி நேரம் அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்தபடி அந்தக் கத்தியைத் தாங்கியது. பிழைத்தும் கொண்டது. நாமறிந்த முதல் அப்பெண்டிக்ஸ் ஒப்பரேஷன் இது. ஆனால் குடலிறக்கத்தை அறுக்கப் போன இடத்தில் தற்செயலாகக் கிடைத்தது. அதற்குப் பிறகும் நூற்றைம்பது வருடம் உலகம் பாடம் படிக்கவில்லை.

ஏன் படிக்கவில்லை? ஒரு காரணம், பெரிய மனிதரின் வாய். 1827இல் பிரான்ஸில் மேலியர் என்ற வைத்தியர், இறந்தவர்களின் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, குற்றவாளி அப்பெண்டிக்ஸ்தான் என்று எழுதினார். அப்போது பாரிஸில் சத்திரசிகிச்சையின் சக்கரவர்த்தி டுப்யூய்ட்ரன். அவர் நோய் பெருங்குடலின் தொடக்கத்தில் பிறக்கிறது என்றார். சக்கரவர்த்தி சொன்ன பிறகு மேலியரின் பேச்சு எடுபடுமா? பல பத்தாண்டுகளுக்குப் பெருங்குடல் மேல் பழியைப் போட்டு, நோயாளிக்கு அபினும் அட்டைக்கடியும் கொடுத்து, ‘பொறு’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொறுத்தவர்களில் சிலர் பிழைத்தார்கள். மற்றவர்களின் வயிற்றில் சீழ் பரவியது.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் வயிற்றைத் திறந்தால் நோய் கொல்வதற்கு முன் புண்ணே கொன்றுவிடும். அந்தப் பயம் நியாயமானது. அது தீரத் தொடங்கிய வருடம் 1867. ஜோசப் லிஸ்டர், கார்போலிக் அமிலத்தால் புண்ணைக் கழுவினால் சீழ்பிடிக்காது என்று லான்செட் இதழில் எழுதினார். இந்த 1867ஐக் கண்டிக்காரர்கள் மறக்கக்கூடாது. அதே வருடம்தான் ரயில் கண்டிக்கு வந்து சேர்ந்தது. அதே வருடம்தான் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டார். அதே வருடம் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்து இன்னொன்றும் வந்தது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், ‘இரணவைத்தியம்’ என்ற சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் கொண்டுவந்தார். வைத்தியத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்று இன்றும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

கிறீன் 1884இல் காலமானார். இரண்டே வருடத்தில், 1886இல், அவர் பிறந்த நாட்டில் நம் நோய்க்கு விடிவு பிறந்தது. பொஸ்டனைச் சேர்ந்த ரெஜினால்ட் ஃபிட்ஸ். இவர் கத்தி பிடித்தவர் அல்ல. இறந்த உடல்களை ஆராய்கிற நோய்க்குறியியல் வைத்தியர். அப்பெண்டிக்ஸ் ஓட்டையான 257 பேரின் கதைகளை ஒன்றாக அடுக்கினார். அடுக்கிப் பார்த்தபோது எல்லாக் கதையும் ஒரே கதை! தொப்புளைச் சுற்றி வலி, வலது பக்கத்துக்கு இறக்கம், காய்ச்சல், பிறகு வயிறு முழுவதும் சீழ். இந்த நோய்க்கு அப்பெண்டிசைட்டிஸ் என்று பெயர் வைத்தார். முதல் ஒருநாள் இரண்டுநாளுக்குள் ஆள் தேறாவிட்டால் வயிற்றைத் திறந்து அதை எடுத்துவிட வேண்டும் என்றார். கத்தி பிடிக்காத வைத்தியர், சத்திரசிகிச்சைக்காரருக்கு எப்போது வெட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். எங்கள் தொழிலில் இதைச் சொல்லிக் காட்ட விரும்பாதவர்கள் உண்டு. நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்று வருடம் கழித்து, 1889இல், நியூயோர்க்கின் சார்ல்ஸ் மக்பேர்னி இன்னும் ஒருபடி போனார். ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது என்றார். உங்கள் வலது இடுப்பெலும்பின் முன் முனையைத் தொட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டில், எலும்புப் பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம். அதுதான் மக்பேர்னி புள்ளி. இன்றைக்கும் பேராதனையில் மருத்துவம் மூன்றாம் வருடம் படிக்கிற மாணவனிடம் கேட்டால் விரலை அங்கேதான் வைப்பான்.

சரி, ராஜா கதைக்கு வருவோம்.

1902 ஜூன் 26ஆம் திகதி எட்வேர்டுக்கு முடிசூட்டு விழா என்று நாள் குறித்திருந்தார்கள். உலகத்து மன்னர்களும் தூதர்களும் லண்டனில் வந்து இறங்கிவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு நாட்களாக ராஜாவுக்கு வயிற்றுவலி. பார்த்தவர் ஃபிரடெரிக் ட்ரீவ்ஸ். அந்த நாளில் அப்பெண்டிக்ஸ் விஷயத்தில் இங்கிலாந்தின் முதல்வர். அவசரப்பட்டுக் கத்தி எடுக்காதவர். வீக்கம் அடங்கட்டும், அமைதியான நேரத்தில் எடுக்கலாம் என்பது அவருடைய போக்கு. அப்படிப்பட்டவர், ‘இப்போதே’ என்றார். ராஜாவோ, முடிசூட்டு விழா முடியட்டும் என்று அடம்பிடித்தார். அப்படியானால் தேவாலயத்துக்குப் பிணமாகத்தான் போவீர்கள் என்று ட்ரீவ்ஸ் முகத்துக்கு நேரே சொன்னதாக ஒரு கதை உண்டு. ராஜாவிடம் அப்படிப் பேச ஒரு மனிதனுக்கு எங்கிருந்து துணிவு வந்தது? அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் ட்ரீவ்ஸின் சொந்த மகள், பதினெட்டு வயதுப் பெண், இதே அப்பெண்டிக்ஸ் உடைந்து இறந்துபோயிருந்தாள். காத்திருப்பின் விலை அவருக்குத் தெரியும்.

ஜூன் 24ஆம் திகதி, பக்கிங்ஹாம் மாளிகையிலேயே ஒப்பரேஷன். ஆலோசனைக்கு வந்து நின்றவர்களில் ஒருவர், எழுபத்தைந்து வயதான லிஸ்டர். ட்ரீவ்ஸ் சீழ்க்கட்டியைத் திறந்து வடிய விட்டார். அப்பெண்டிக்ஸை எடுக்கவில்லை. அந்த நிலையில் அதைத் தேடிக் கிளறுவது ஆபத்து. சீழை வெளியேற்றினால் போதும் என்பது சரியான தீர்ப்பு. மறுநாள் ராஜா கட்டிலில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தார் என்கிறார்கள். ஓகஸ்ட் 9ஆம் திகதி முடிசூட்டு விழா நடந்தது. அதுவரை அறுவைக்குப் பயந்து ஓடிய சனம், ராஜாவே செய்துகொண்டார் என்றதும் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது.

இருபத்திரண்டு வருடம் கழித்து, புனா.

காந்தி எரவாடாச் சிறையில் ஆறு வருடத் தண்டனையில் இருந்தார். 1909இல் எழுதிய ‘இந்திய சுயராஜ்யம்’ நூலில் மேல்நாட்டு வைத்தியத்தையும் ஆஸ்பத்திரிகளையும் கடுமையாகச் சாடிய மனிதர். 1924 ஜனவரியில் அவருக்கு வயிற்றுவலியும் காய்ச்சலும் வந்தன. 12ஆம் திகதி சசூன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். சத்திரசிகிச்சை வைத்தியர் கர்னல் மடொக், ஆங்கிலேயர். பார்த்தவுடன் அப்பெண்டிக்ஸ் என்றார். இன்றிரவே எடுக்க வேண்டும் என்றார்.

இப்போது அந்த அறையில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பம்பாயிலிருக்கும் தமக்கு வேண்டிய வைத்தியர்களைக் காந்தி கேட்கிறார். ஆள் அனுப்பித் தேடுகிறார்கள்; நேரத்துக்குக் கிடைக்கவில்லை. காத்திருந்தால் அப்பெண்டிக்ஸ் உடைந்துவிடும். காத்திருக்காமல் வெட்டி, கை தவறினால்? ஆங்கிலேயன் காந்தியைக் கத்தியால் கொன்றான் என்று இந்தியா பற்றி எரியும். மடொக்குக்கும் அது தெரியும், காந்திக்கும் தெரியும். நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் அப்போது புனாவில் இருந்தார். அரசியலில் காந்தியோடு ஒத்துப்போகாதவர், அன்பில் குறையாதவர். அவரைக் கூப்பிட்டார்கள். என் சம்மதத்தோடுதான் இது நடக்கிறது, இந்த வைத்தியரை நான் நம்புகிறேன் என்கிற பொருளில் காந்தி சொல்லச் சொல்ல, சாஸ்திரியார் எழுதினார். காந்தி கையொப்பம் இட்டபோது கை நடுங்கியது. அதைப் பார்த்துத் தாமே வேடிக்கையாக ஒரு வார்த்தை சொன்னார். எழுத்தில் எதிர்த்தது வேறு, வலது அடிவயிறு வேறு. அதைக் காந்தி ஒத்துக்கொண்டதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது என்பது என் கட்சி. வைத்தியத்தைப் பற்றி எனக்கும் கொள்கை உண்டு என்று ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிற நம்மூர்ப் பெரியவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இரவு. ஒப்பரேஷன் நடந்துகொண்டிருக்கிறது. வெளியே இடி, மின்னல். திடீரென்று மின்சாரம் நின்றது. தாதி டோர்ச் பிடித்தார், அதுவும் அணைந்தது. கடைசியில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் மடொக் வேலையை முடித்தார். பென்சிலின் இல்லாத காலம். காந்தி தேறி எழுந்தார். பிப்ரவரி 5ஆம் திகதி அரசாங்கம் அவரை விடுதலையும் செய்தது. அந்தத் தழும்பு ஆறியபிறகுதான் 1927இல் அவர் நம் மலைகளுக்கு வந்தார்.

இனி நம் வயிற்றுக்கு வருவோம். அந்த வலி எப்படி வருகிறது?

ஒருபக்கம் மூடிய குழாய் என்றேன் அல்லவா? அதன் வாய் அடைபடுகிறது. இறுகிய மலக்கல் ஒன்று அடைக்கலாம். அல்லது அதன் சுவரிலுள்ள நிணத்திசு வீங்கி அடைக்கலாம். எப்போதாவது பூச்சி அடைக்கலாம். கொய்யாக்கொட்டை விழுங்கியதால் வந்தது என்று அம்மாமார் சொல்வது உண்டு. கொட்டை அடைப்பது மிக மிக அபூர்வம். பிள்ளைகள் நிம்மதியாகக் கொய்யா தின்னட்டும். அடைபட்ட குழாய்க்குள் சளிநீர் சுரந்துகொண்டே இருக்கிறது. போக வழியில்லை. அழுத்தம் ஏறுகிறது, இரத்த ஓட்டம் தடைப்படுகிறது, கிருமி பெருகுகிறது, சுவர் அழுகுகிறது, ஓட்டை விழுகிறது. சிலருக்கு ஒருநாளில், சிலருக்கு இரண்டு நாளில்.

வலி ஏன் முதலில் தொப்புளைச் சுற்றி வருகிறது? லயத்தில் நடுச்சாமத்தில் ஒரு குழந்தை அழுகிறது என்று வையுங்கள். லயத்தில் அழுகை என்று தெரியும். எந்தக் காம்பரா என்று தெரியாது. ஒரு கதவு திறந்தால்தான் எந்த வீடு என்று தெரியும். குடலின் நரம்பும் அப்படி. சிறுகுடல், அப்பெண்டிக்ஸ், பெருங்குடலின் தொடக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை. எங்கே நோவெடுத்தாலும் மூளைக்குத் தொப்புள் என்றே தகவல் போகும். சில மணி நேரத்தில் வீங்கிய அப்பெண்டிக்ஸ் வயிற்றின் உட்சுவரைத் தொடுகிறது. அந்தச் சுவரின் நரம்பு வேறு. இடத்தைச் சரியாகச் சொல்லும். அப்போதுதான் வலி வலது பக்கத்துக்கு இறங்குகிறது. தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் இறங்குகிற வலி, சாப்பாட்டில் வெறுப்பு, வலிக்குப் பிறகு வாந்தி. இந்த வரிசைதான் முக்கியம். வாந்தியும் பேதியும் முதலில் வந்து வலி பிறகு வந்தால் வேறு நோயைத்தான் முதலில் யோசிப்போம்.

தெல்தோட்டைப் பக்கம் மேல் டிவிஷன் ஒன்றில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் வயிறு வலிக்கிறது என்கிறான். அம்மா மலையில் கொழுந்து பறிக்கிறாள். வீட்டிலிருக்கும் அப்பாயி இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுக்கிறாள். கேஸ் என்று பக்கத்து வீட்டில் ஒரு வில்லை கொடுக்கிறார்கள். சாயங்காலம் அம்மா வந்து பெனடோல் கொடுக்கிறாள். அதுவரை பாதகமில்லை. இரவில் யாரோ, குடலேத்தம் விழுந்திருக்கு என்று எண்ணெய் தடவி வயிற்றை வழிக்கிறார்கள். இன்னொருவர், மலம் போனால் சரியாகும் என்று பேதிக்குக் கொடுக்கிறார். இந்த இரண்டும் பாதகம்! வீங்கிப் பழுத்து நிற்கும் ஒன்றை அழுத்தவும் கூடாது, குடலை முடுக்கவும் கூடாது. விடியற்காலையில் பிள்ளை, ‘வலி கொறைஞ்சிருச்சி’ என்கிறான். வீடு மூச்சு விடுகிறது. எனக்கோ அந்த வார்த்தைதான் பயம். உள்ளே அழுத்தத்தில் துடித்தது உடைந்துவிட்டது. அதனால் சற்று நேரம் வலி குறைகிறது. பத்து மணிக்கு வயிறு பலகையாகிறது.

ஆறு மணி நேரம் விடாமல் வலிக்கிற வயிற்றை வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். இரவென்றாலும் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. நம் அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்கும் காசில்லை. காலையில் டிஸ்பென்சரி திறக்கட்டும், அடுத்த நாள் வேலைக்குப் பேர் விழட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஆளைக் கொல்கிறது.

வரும் வழியில் இன்னொரு பரிசோதனையும் நடந்துவிடுகிறது. ஓட்டோ குழியில் விழுந்து எழும்பும்போதெல்லாம் பிள்ளை வலதுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு முனகுகிறானா? வந்ததும் அதைச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள். இங்கிலாந்தில் இதையே ஓர் ஆய்வாகச் செய்து 2012இல் வெளியிட்டார்கள். வீதியில் வேகத்தடை மேல் வண்டி ஏறி இறங்கும்போது வலி கூடியதா என்று கேட்டார்கள். வேகத்தடைகளைக் கடந்து வந்து அப்பெண்டிசைட்டிஸ் உறுதியான 34 பேரில் 33 பேர் ஆமென்றார்கள். அவர்கள் வேகத்தடையைத் தேட வேண்டியிருந்தது. எங்கள் ஹந்தானை, கலஹா தோட்டத்து ரோட்டில் அந்தச் சிரமமே இல்லை. ஒன்று மட்டும்: குலுக்கலில் வலிப்பதெல்லாம் அப்பெண்டிக்ஸ் ஆகாது. குலுக்கலில் வலிக்கவே இல்லை என்றால்தான் அது பெரிய தகவல்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறோம்? முதலில் இரண்டு கையையும் உரசிச் சூடாக்கிக்கொள்கிறோம். கண்டிக் குளிரில் சில்லென்ற கை பட்டால் எந்த வயிறும் இறுகும். கை வயிற்றில் இருக்கும், கண் முகத்தில் இருக்கும். புருவம் சுருங்குவதுதான் உண்மையான பதில். வலிக்கிற இடத்தில் தொடங்குவதில்லை. இடது பக்கத்திலிருந்து வருகிறோம். இடதுபக்கம் அழுத்தும்போது வலதுபக்கம் நோகிறதென்றால், டென்மார்க்கின் ரொவ்சிங் 1907இல் சொன்ன அறிகுறி அது. இரும்பச் சொல்கிறோம். சின்னப் பிள்ளை என்றால் கட்டிலை விட்டிறங்கித் துள்ளச் சொல்கிறோம். சிரித்துக்கொண்டு துள்ளுகிற பிள்ளைக்கு அனேகமாக அப்பெண்டிக்ஸ் இல்லை.

பெண்கள் என்றால் மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்போம். தாய்மாரே, அந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டுப் பொய் சொல்ல வேண்டாம். கருக்குழாயில் கரு தங்கி உடைந்தாலும் இதே பக்கம்தான் வலிக்கும். அது இன்னும் வேகமாகக் கொல்லும். சிறுநீரகக் கல், சூலகக் கட்டி என்று இந்த மூலையில் குடியிருப்பவர்கள் பலர்.

இன்னொரு வேடதாரி இருக்கிறான். நம் நாட்டில் அவனை மறந்தால் ஆபத்து: டெங்கு. காய்ச்சலோடு வயிற்றுவலி, வாந்தி, வலதுபக்கம் தொட்டால் நோவு. அப்பெண்டிக்ஸ் என்று நினைத்து, குருதிச் சிறுதட்டு குறைந்த டெங்கு நோயாளியின் வயிற்றைத் திறந்தால் இரத்தம் நிற்காது. இரத்தப் பரிசோதனை இங்கே கைகொடுக்கும். அப்பெண்டிக்ஸில் வெள்ளணு பெரும்பாலும் ஏறும்; டெங்குவில் இறங்கும். காய்ச்சல் முதலில் வந்ததா, வலி முதலில் வந்ததா என்று வைத்தியர் திரும்பத் திரும்பக் கேட்டால் கோபப்படாதீர்கள்.

இந்தக் கேள்விகளையெல்லாம் புள்ளிக் கணக்காக்கியவர் அல்வராடோ என்ற வைத்தியர், 1986இல். வலி இடம் மாறியதா, பசி போனதா, வாந்தியா, தொட்டால் நோவா, கை எடுத்தால் நோவா, காய்ச்சலா, வெள்ளணு ஏற்றமா என்று பத்துக்குப் புள்ளி. ஏழோ அதற்கு மேலோ என்றால் சத்திரகூடத்தை யோசி. ஆசிய மக்களுக்கு அது அவ்வளவாகப் பொருந்தவில்லை என்று புருணையில் 2010இல் ரிபாசா என்ற வேறொரு கணக்கைப் போட்டார்கள். அதே 1986இல் ஒல்லாந்து வைத்தியர் புய்லர்ட், ஸ்கேன் கருவியை வயிற்றில் மெல்ல அழுத்திக் குடலிலுள்ள காற்றை ஒதுக்கி, வீங்கிய அப்பெண்டிக்ஸைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்று காட்டினார். இப்போது சீ.டி. ஸ்கேனும் இருக்கிறது. ஒருகாலத்தில் நாங்கள் திறந்து பார்த்த வயிறுகளில் ஐந்தில் ஒன்றில் அப்பெண்டிக்ஸ் சுத்தமாக இருக்கும். அதைத் தவறென்று யாரும் சொல்லவில்லை. ஒன்றைத் தவறவிடுவதைவிட ஒன்றை வீணாக எடுப்பது மேல் என்பது அன்றைய தர்மம். ஸ்கேன் வந்து அந்தத் தர்மத்தை மாற்றிவிட்டது.

மாறிய இன்னொன்று, வலி மருந்து. கண்டுபிடிக்கும் முன் வலியை அடக்கினால் நோய் ஒளிந்துகொள்ளும் என்று எங்கள் ஆசான்கள் சொன்னார்கள். பழைய நூல்கள் அதைக் கட்டளையாகவே எழுதின. எத்தனை பேரைத் துடிக்க விட்டிருக்கிறோம்! ஆய்வு செய்து பார்த்தபோது, மோர்பின் கொடுத்தாலும் நோயைக் கண்டுபிடிப்பதில் குறைவில்லை என்று தெரிந்தது. இப்போது வார்ட்டுக்கு வந்ததும் வலிக்கு மருந்து கேட்கலாம். அது உங்கள் உரிமை.

வெட்டுகிற விதமும் மாறியது. 1980இல் ஜேர்மனியின் கீல் நகரில் கேர்ட் செம் என்ற பெண்நோயியல் வைத்தியர், சின்னத் துளைகள் போட்டுக் குழாய்வழி அப்பெண்டிக்ஸை எடுத்துக் காட்டினார். சபாஷ் கிடைத்ததா? அவருடைய தொழில் உரிமத்தை நிறுத்த வேண்டும் என்று ஜேர்மன் சத்திரசிகிச்சைச் சங்கத் தலைவரே எழுதினார்! டுப்யூய்ட்ரன் காலத்து வியாதி எங்கள் தொழிலைவிட்டு இன்னும் போகவில்லை. இன்று அந்த முறை உலகமெங்கும் நடக்கிறது.

இப்போது, நீங்கள் எல்லோரும் கேட்கக் காத்திருக்கும் கேள்வி. ஒப்பரேஷன் இல்லாமல் மருந்தில் குணமாகுமா?

பின்லாந்தில் 530 பேரைப் பிரித்து ஆராய்ந்தார்கள். 2015இல் முடிவு வந்தது. சீ.டி. ஸ்கேனில் பார்த்து, உடையாத, மலக்கல் இல்லாத அப்பெண்டிசைட்டிஸ் உள்ள பெரியவர்கள் மட்டும். பாதிப்பேருக்கு ஒப்பரேஷன், பாதிப்பேருக்கு அன்டிபயோட்டிக். மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவர்கள் ஒருவருடம் வரை கத்தியில்லாமல் தப்பினார்கள். ஐந்து வருடத்தில் நூற்றுக்கு 39 பேருக்கு நோய் திரும்பி வந்தது. அமெரிக்காவில் 2020இல் 1,552 பேரைப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 29 வீதத்தினருக்கு மூன்று மாதத்துக்குள் ஒப்பரேஷன் தேவைப்பட்டது. மலக்கல் இருந்தவர்களுக்கு அது 41 வீதம்.

ஆகவே, குணமாகும், எல்லோருக்கும் அல்ல. பழைய ‘பொறு’ வேறு, இந்தப் ‘பொறு’ வேறு. இது ஸ்கேன் எடுத்து, ஆளைத் தெரிந்து, நரம்பு வழி மருந்து ஏற்றி, திரும்பத் திரும்ப வயிற்றில் கை வைத்துப் பார்த்துப் பொறுப்பது. கேஸ் வில்லையும் கடையில் வாங்கிய நாலு அன்டிபயோட்டிக்கும் இந்த வைத்தியம் ஆகாது.

என்னிடம் வந்து, ஐயா எது நல்லது என்று ஒருவர் கேட்டால், நான் முதலில் ஸ்கேனைப் பார்ப்பேன். அடுத்து, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பேன். கட்டுக்கலையில், பேராதனை வீதியில் இருப்பவர் மருந்தைத் தெரிவு செய்யலாம். அந்த 39 பேரில் ஒருவராகிவிட்டாலும், நடுச்சாமத்தில் வலி திரும்பினாலும், கால் மணி நேரத்தில் பெரியாஸ்பத்திரி வாசலில் இருப்பார். மழையில் மண்மேடு சரிந்தால் ரோடு அடைபடுகிற டிவிஷனில், பிள்ளைகளை விட்டுவிட்டு அதிகாலையில் மலை ஏறுகிற தாய்க்கு, ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பின்லாந்துக்காரர் எழுதிய அறிக்கையில் அந்த ரோடு இல்லை. பக்கத்திலுள்ள மருத்துவர் அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். அவர் மறந்தால் நீங்கள் சொல்ல வேண்டும்: ஐயா, எங்கள் டிவிஷனுக்கு அம்புலன்ஸ் ஏறாது, ரோடு முடியும் இடத்திலிருந்து இத்தனை கட்டை நடக்க வேண்டும் என்று.

 மழை விட்டபாடில்லை, கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது. கேளுங்கள்.